தப்பான பலகையும் அங்கேயே இருக்கிறது

லெஸ்டர் நகர மையத்தின் மேற்கு ஓரத்தில் சோர் ஆற்றைக் கடக்க ஓர் இரும்புப் பாலம் இருக்கிறது. போ பிரிட்ஜ் என்று பெயர். 1863ல் கட்டியது. பழைய கல்பாலம் இருந்த இடத்தில் எழும்பியதால் பெயரையும் கதைகளையும் அதனிடமிருந்தே வாங்கிக்கொண்டது. இரும்பு அலங்காரத்தில் ரோஜாக்களும் காட்டுப்பன்றியும் தெரியும். பேருந்தும் லாரியும் விடாமல் ஓடும் சாலை. நின்று பார்க்கிறவர் யாரும் கிடையாது.

பாலத்தை ஒட்டிய சுவரில் ஒரு கல்வெட்டு. 1856ல் உள்ளூர்க் கட்டடக்காரர் ஒருவர் வைத்தது. பிளாண்டாஜெனட் வம்சத்தின் கடைசி மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் உடல் இந்த இடத்துக்கு அருகே கிடக்கிறது என்று அது அடித்துச் சொல்கிறது. பக்கத்திலேயே, வெகுகாலம் கழித்து வைத்த இன்னொரு பலகை, முதல் பலகை சொல்வது சரியில்லை என்கிறது. இரண்டும் இன்றும் அருகருகே இருக்கின்றன. தப்பு என்று தெரிந்த பிறகும் முதலாவதை யாரும் பெயர்த்து எடுக்கவில்லை. லெஸ்டருக்கு ரயில் ஏறியபோது நான் பார்க்க நினைத்தது ரிச்சர்டின் கல்லறையை. ஊரில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவை இந்த மாதிரித் தப்புகள்தான்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ரிச்சர்டைத் தெரிந்திருக்கும். ஷேக்ஸ்பியர் அவரை மேடையேற்றிய விதம் அப்படி: கூன் முதுகு, சூம்பிய கை, அண்ணன் பிள்ளைகளைக் கொன்று சிம்மாசனம் பிடித்த சித்தப்பா. வரலாற்றில் அவர் ஆண்டது இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 1483 ஜூனில் அரியணை. 1485 ஆகஸ்ட் 22 அன்று, 32 வயதில், பாஸ்வொர்த் போர்க்களத்தில் சாவு. போர்க்களத்தில் உயிர்விட்ட கடைசி இங்கிலாந்து மன்னர் அவர். வென்ற ஹென்றி டியூடர் ஏழாம் ஹென்றி ஆனார். வென்றவரின் பேத்தி முதலாம் எலிசபெத் ஆண்ட காலத்தில் எழுதிய நாடகத்தில் தோற்றவருக்கு நல்ல பெயர் கிடைக்குமா?

செத்த மன்னரின் உடலை நிர்வாணமாகக் குதிரை முதுகில் போட்டு லெஸ்டருக்குக் கொண்டுவந்து ஊர் பார்க்க வைத்தார்கள். பிறகு கிரேஃபிரையர்ஸ் எனப்படும் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்தில் அவசரமாகப் புதைத்தார்கள். பத்து வருஷம் கழித்து ஏழாம் ஹென்றியே பணம் கொடுத்து மேலே ஒரு கல்லறை எழுப்பினார். 1538ல் எட்டாம் ஹென்றியின் ஆட்களால் மடங்கள் கலைக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. அதற்குப் பிறகுதான் தப்புகளின் ஊர்வலம் கிளம்புகிறது.

1611ல் வரைபடக்காரர் ஜான் ஸ்பீட், உடலை ஊருக்கு வெளியே கொண்டுபோய் போ பிரிட்ஜின் ஓரத்துக்கு அடியில் கேவலமாகப் போட்டுவிட்டதாக எழுதினார். ஊரார் சொல்லக் கேட்டது. கல்லறை இருந்த இடத்தில் முள்ளும் செடியும் மண்டிக் கிடப்பதாகவும் எழுதினார். அவர் போய்ப் பார்த்தது வேறொரு மடத்தின் இடிபாட்டை என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் அவர் சொன்னதுதான் நின்றது. போ பிரிட்ஜ் கல்வெட்டு அதன் பேரப்பிள்ளை. ரிச்சர்டின் கல் சவப்பெட்டி என்று ஒன்றை ஒரு விடுதி வாசலில் குதிரைத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருந்தார்கள் என்றும் ஒரு கதை. பயணிகள் அதையும் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்ன சாட்சியும் அதே காலத்தில் இருந்தது. மடத்து நிலத்தை வாங்கி வீடும் தோட்டமும் அமைத்தவர் லெஸ்டரின் முன்னாள் மேயர் ராபர்ட் ஹெரிக். 1612ல் கிறிஸ்டோபர் ரென் என்ற பாதிரியார் அந்தத் தோட்டத்தில் மூன்றடி உயரக் கல்தூண் ஒன்றைப் பார்த்தார். ஒருகாலத்தில் இங்கிலாந்து மன்னராக இருந்த ரிச்சர்டின் உடல் இங்கே கிடக்கிறது என்று அதில் பொறித்திருந்ததைக் குறித்தும் வைத்தார். லண்டனில் புனித பால் பேராலயத்தைக் கட்டிய ரென்னின் தகப்பனார் இவர். தகப்பன் மகன் இருவருக்கும் ஒரே பெயர். தூண் எப்போது போனதோ, தெரு வந்தது, வீடுகள் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது. கடைசியில் நகராட்சியின் சமூக நல அலுவலகத்துக்குக் கார் நிறுத்தும் இடமாயிற்று.

மடம் இருந்த வட்டாரத்தில்தான் மன்னர் இன்னும் கிடக்க வேண்டும் என்று 1970களிலும் 80களிலும் சிலர் கட்டுரை எழுதினார்கள். காது கொடுத்தவர்கள் குறைவு. இங்கேதான் அந்த விசித்திரமான சங்கம் வருகிறது. 1924ல் தொடங்கியது, இன்றைக்கு மூன்றாம் ரிச்சர்ட் சொசைட்டி. ஐந்நூறு வருஷத்துக்கு முன் செத்த ஒருவருக்காக வழக்காடுவதே அதன் வேலை. உறுப்பினர்களில் பள்ளி ஆசிரியர் உண்டு, குமாஸ்தா உண்டு, ஓய்வுபெற்றவர்கள் நிறைய. நம் மன்னர் கொலைகாரரில்லை, டியூடர்களின் எழுத்தாளர்கள் கட்டிவிட்ட கதை அது என்பது அவர்கள் கட்சி. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த பிலிப்பா லாங்லி பல வருஷம் அலைந்து பல்கலைக்கழகத்தையும் நகராட்சியையும் சம்மதிக்க வைத்தார். தோண்ட வேண்டிய நேரத்தில் பணம் குறைந்தது. உலகெங்கும் உள்ள ரிச்சர்டு ரசிகர்களுக்குக் கடிதம் போக, இரண்டே வாரத்தில் சுமார் 13,000 பவுண்டு சேர்ந்தது. அரசு நிதி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் இன்னும் கார்தான் நின்றுகொண்டிருக்கும்.

2012 ஆகஸ்ட் 25 அன்று தோண்டத் தொடங்கினார்கள். முதல் நாளே, முதல் பள்ளத்திலேயே கால் எலும்பு. பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மடம் என்றால் பிணம் இருக்காதா? சுவர்களின் போக்கைப் பின்பற்றிப் போனபோதுதான், அந்த இடம் தேவாலயத்தின் பாடகர் பகுதி என்று தெரிந்தது. மன்னரைப் புதைத்ததாகப் பழைய குறிப்பு சொன்ன இடமும் அதுவே. மண்ணை விலக்கினால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து கிடந்தது. குழி நீளம் போதவில்லை, தலை சுவரில் சாய்ந்து நிமிர்ந்திருந்தது. பாதங்கள் இல்லை. விக்டோரியா காலத்துச் செங்கல் கட்டுமானம் ஒன்று சில அங்குல இடைவெளியில் எலும்புக்கூட்டை உரசிப் போயிருந்தது. அடித்தளம் கொஞ்சம் விலகியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அந்த இடம் இப்போது ஒரு காட்சியகம். பக்கத்துப் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் 2014ல் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் ரிச்சர்டின் வாழ்க்கை, மேலே ஆய்வுக்கூடக் கதை. சிம்மாசனம், விளக்கு, ஒலி என்று நாடகக் கொட்டகை வாசனை எனக்குச் சற்றுத் தூக்கல். கடைசி அறை மட்டும் வேறு ரகம். தரையில் கண்ணாடி, அதன் கீழே அந்தக் குழி, மண் மாறாமல். எலும்புக்கூடு கிடந்த விதத்தை ஒளிக்கோட்டில் வரைந்து காட்டுகிறார்கள். குழி எவ்வளவு சிறியது என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. மன்னருக்கு வெட்டிய குழியாக அது தெரியவில்லை, வேலையை முடித்துவிட்டுப் போக வெட்டிய குழி.

காவலுக்கு நின்ற தன்னார்வலர் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். அண்ணன் பிள்ளைகளை இவர் கொன்றிருப்பாரா என்று கேட்டேன்.

“வேலைக்குச் சேரும்போது அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனால் என் வீட்டுக்காரர் கொன்றார் என்கிறார். நாங்கள் அதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேசுவதில்லை.”

எலும்புகள் சொன்ன செய்தி இரு கட்சிக்கும் வசதியாக இல்லை. சூம்பிய கை என்பது பொய், இரண்டு கையும் சரியாகவே இருந்தன. முதுகு கூனவில்லை, ஆனால் பக்கவாட்டு வளைவு கடுமையாகவே இருந்தது, வலத்தோள் தூக்கியிருக்கும். ஆக, உடற்குறையே டியூடர்களின் கற்பனை என்று சாதித்து வந்த ரிச்சர்டு பக்தர்களும் தோற்றார்கள். உடம்பில் 11 காயங்கள், அவற்றில் ஒன்பது மண்டையில். இடுப்பெலும்பில் ஒரு காயம், செத்த பிறகு குதிரைமேல் கிடந்தபோது யாரோ குத்திய அவமானம் என்கிறார்கள். வயிற்றுப் பகுதி மண்ணில் நாக்குப்பூச்சி முட்டைகள்கூடக் கிடைத்தன. மன்னரின் அக்காள் வழியில், தாய்க்குத் தாய் இறங்கிவந்த ஒரு வாரிசு லண்டனில் மரச்சாமான் செய்பவராக இருந்தார். அவருடைய மரபணுவோடு எலும்பின் மரபணு பொருந்தியது. 2013 பிப்ரவரி 4 அன்று பல்கலைக்கழகம் உலகுக்கு அறிவித்தது. மறு வருஷம் வந்த ஆய்வறிக்கை, எல்லாச் சான்றையும் கூட்டிப் பார்த்து 99.999 சதவீதம் இது ரிச்சர்ட்தான் என்றது. அதே ஆய்வில் ஆண்வழி மரபணு பொருந்தவில்லை. நாலைந்து நூற்றாண்டு வம்சாவளியில் எங்கோ ஒரு தகப்பன் பெயர் தப்பு. எந்தக் கிளையில் என்று தெரியாததால் கண்ணியமான குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன.

அடுத்த சண்டை, மறுபடி எங்கே புதைப்பது என்பது. ரிச்சர்ட் யார்க் வம்சத்தவர். அவர் இறந்த செய்தி வந்ததும் தம் பதிவேட்டில் துக்கம் எழுதிவைத்த ஊர் யார்க். எங்களுக்கே கொடு என்று உறவுமுறை சொல்லிக்கொண்ட ஒரு குழு உயர் நீதிமன்றம் போனது. 2014 மே மாதம் லெஸ்டருக்கே தீர்ப்பானது. தோண்டியெடுக்கக் கொடுத்த உரிமத்திலேயே லெஸ்டரில் புதைக்கலாம் என்று இருந்தது. யார்க்கை வெறும் கையோடு அனுப்பவில்லை என்றும் சொல்லலாம், கல்லறைக் கல் யார்க்ஷயரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது.

லெஸ்டர் பேராலயம் பெரிய கட்டடமில்லை. ஊர்த் தேவாலயமாக இருந்து 1927ல்தான் பேராலய அந்தஸ்து பெற்றது. கல்லறை, கறுப்புப் பீடத்தின்மேல் ஒற்றை வெளிர் கல், சற்றே சாய்த்து வைத்தது. கல்லை ஆழமாக அறுத்து ஒரு சிலுவை, வெளிச்சம் உள்ளே இறங்கும்படி. சிலை இல்லை, படுத்திருக்கும் மன்னர் உருவம் இல்லை. குனிந்து பார்த்தால் கல்லுக்குள் கோடிக்கணக்கான வருஷத்துக் கடலுயிர்களின் புதைபடிவங்கள் தெரிகின்றன. பழைய பாணியில் பளிங்கு மன்னர் ஒருவரைப் படுக்கவைக்க வேண்டுமென்று சிலர் விரும்பினார்கள். நல்லவேளை, அவர்கள் விருப்பம் பலிக்கவில்லை. 1980ல் ஜேம்ஸ் பட்லர் செய்த வெண்கல ரிச்சர்ட் வெளியே மகுடத்தை உயர்த்திப் பிடித்து நிற்கிறார், வீரத்துக்கு அது போதும்.

2015 மார்ச்சில் சவப்பெட்டி பாஸ்வொர்த் கிராமங்கள் வழியாக வந்து போ பிரிட்ஜைக் கடந்தது. எறிந்துவிட்டார்கள் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட ஆற்றின்மேல் மன்னர் பெட்டியில் போனார். பெட்டியைச் செய்தவர் மரபணு கொடுத்த அந்தத் தச்சர்தான். அடக்கத்துக்கு முன் பெட்டியைப் பார்க்க 20,000 பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். கத்தோலிக்கராக வாழ்ந்தவரை ஆங்கிலிக்கன் பேராயர் அடக்கம் செய்ததில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல். மறு வருஷமே லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. ஊரில் அதற்கும் ரிச்சர்டுக்கும் முடிச்சுப் போடாத ஆளைப் பார்க்கவில்லை.

மன்னருக்கு இத்தனை செய்த இடத்தில் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி எனக்கு இருந்தது. பேராலயத்தை ஒட்டி ஒரு புதிய கட்டடத்துக்காகத் தோண்டியபோது 1,100 பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 11ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை அங்கே புதைந்த சாதாரண ஜனங்கள். அடியில் ரோமானியர் காலப் பலிபீடத்தின் துண்டு ஒன்று, 2023ல் அறிவித்தார்கள். கண்ணாடித் தரையும் ஒளிக்கோடும் இவர்களில் யாருக்கும் வராது. ஆனால் ரிச்சர்டைத் தேடிய கூட்டம் இல்லாவிட்டால் இவர்களை யாரும் இவ்வளவு கவனமாக எண்ணியிருக்கவும் மாட்டார்கள்.

போர்க்களம் நகரத்துக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில். ரயில் நேராகப் போகாது, வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டியவர் குஜராத்தி, தகப்பனார் 1972ல் இடி அமீன் துரத்தியபோது கம்பாலாவிலிருந்து வந்தவராம். அந்த வருஷம் லெஸ்டர் நகர சபை உகாண்டாவின் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தது: இங்கே வீடு இல்லை, பள்ளியில் இடமில்லை, வராதீர்கள் என்று. “அதைப் படித்துத்தான் லெஸ்டர் என்று ஓர் ஊர் இருப்பதே அப்பாவுக்குத் தெரிந்தது, சார்” என்று சிரித்தார். இப்போது பெல்கிரேவ் சாலை முழுக்கப் புடவைக் கடையும் நகைக் கடையும். தீபாவளிக்கு நகரமே விளக்குப் போடுகிறது. அந்த விளம்பரத்தையும் ஊர் ஒளித்து வைக்கவில்லை. தன் கதையைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்கிறது.

பாஸ்வொர்த் காட்சியகம் அம்பியன் குன்றின்மேல் இருக்கிறது. 1974ல் அமைத்தார்கள். போர் இங்கேதான் நடந்தது என்ற நம்பிக்கையில் கொடிக்கம்பம், பாதை, பலகை எல்லாம் வைத்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் சில வருஷம் வயல் வயலாக உலோகம் தேடும் கருவியோடு நடந்தார்கள். 2010ல் முடிவு வந்தது: போர் நடந்தது தென்மேற்கே சுமார் இரண்டு மைல் தள்ளி, ஃபென் லேன் எனும் பழைய ரோமானியச் சாலைக்கு இருபுறமும். அந்த வயல்களில் ஈயக் குண்டுகள் 30க்கு மேல் கிடைத்தன. பழைய சதுப்பு ஒன்றின் ஓரத்தில் வெள்ளியில் செய்து தங்கம் பூசிய ஒரு சின்னக் காட்டுப்பன்றி கிடைத்தது. ரிச்சர்டின் முத்திரை அது, அவருக்கு நெருங்கிய வீரன் எவனோ சட்டையில் குத்தியிருந்தது. ஹென்றியை நேருக்கு நேர் முடித்துவிடும் எண்ணத்தில் ரிச்சர்ட் குதிரையைச் செலுத்தியதும், வில்லியம் ஸ்டான்லியின் படை கடைசி நிமிஷத்தில் எதிர்ப்பக்கம் பாய்ந்ததும், சதுப்பில் சிக்கியதும் அந்தப் பன்றி கிடந்த வட்டாரத்தில்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? குன்றையே சாதித்திருப்போம், அல்லது கட்டடத்தைப் பூட்டியிருப்போம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. காட்சியகம் குன்றிலேயே நடக்கிறது. போர் இங்கே நடக்கவில்லை, அதோ அங்கே என்று உள்ளேயே விளக்குகிறார்கள், கண்டெடுத்த பன்றியையும் காட்டுகிறார்கள். ரிச்சர்ட் விழுந்த இடம் என்று ஷென்டன் பக்கத்து வயலில் நின்ற நினைவுக்கல்லைக் காட்சியக முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சண்டைக்கு நடுவே மன்னர் தண்ணீர் குடித்ததாகச் சொல்லும் கிணறும் அப்படியே, மேலே 1813ல் சாமுவேல் பார் எழுப்பிய கற்குவியலோடும் லத்தீன் வாசகத்தோடும்.

எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் போர்க்களங்களுக்கு 1995 முதல் ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இருந்தால் திட்ட அனுமதி கொடுக்கும்போது யோசிக்க வேண்டும், அவ்வளவுதான், தடை கிடையாது. 2018ல் ஓட்டுநரில்லாக் கார்களைச் சோதிக்கும் பாதைக்கு உள்ளூர் சபை அனுமதி கொடுத்தது, அதில் ஒரு பகுதி பாஸ்வொர்த் பட்டியல் எல்லைக்குள். சரித்திரக்காரர்கள் போராடிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. எங்கே நடந்தது என்று நூற்றாண்டுகள் தேடிக் கண்டுபிடித்த களத்தில், எட்டு வருஷத்துக்குள் ஓர் ஓரத்தை விட்டுக்கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கார் சோதிக்க வேறு வயல் கிடைக்காதா?

லண்டன் திரும்பியதும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போனேன். வென்ற ஏழாம் ஹென்றி கட்டிய சிற்றாலயத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு பளிங்குப் பேழை இருக்கிறது. 1674ல் லண்டன் கோபுரக் கோட்டையில் படிக்கட்டு ஒன்றை இடித்தபோது மரப்பெட்டியில் இரண்டு குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. காணாமற்போன இளவரசர்கள், ரிச்சர்டின் அண்ணன் பிள்ளைகள், இவர்கள்தான் என்று முடிவு கட்டி, இரண்டாம் சார்லஸ் மன்னர் 1678ல் இங்கே வைத்தார். பேழையை வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் ரென். தகப்பன் சித்தப்பாவின் கல்லறைத் தூணைப் பார்த்துக் குறித்தார், மகன் அண்ணன் பிள்ளைகளுக்குப் பேழை செய்தார். பேழையின் லத்தீன் வாசகம் சந்தேகமே இல்லாமல் சொல்கிறது: துரோகிச் சித்தப்பா ரிச்சர்டின் உத்தரவில் தலையணையால் அமுக்கிக் கொன்றார்கள் என்று.

அந்த எலும்புகள் அவர்களுடையவைதானா? 1933ல் ஒரு முறை திறந்து பார்த்தார்கள். மரபணு என்ற பேச்சே இல்லாத காலம். ஆணா பெண்ணா என்றுகூடத் தீர்மானிக்க முடியவில்லை. அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அனுமதி மறுப்புதான். இறந்தவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வாதம் மதிக்கத் தக்கதுதான். ஆனால் நிரூபிக்காத கொலைக் குற்றத்தைக் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டு சொல்வதற்கு அது ஏற்ற வாதமில்லை. ரிச்சர்ட் குற்றவாளியாகவே இருக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. எலும்பு யாருடையது என்பது தெரிந்தாலும் கொன்றது யார் என்பது தெரியப் போவதில்லை. இருந்தாலும் பேழையைத் திறக்க வேண்டும் என்பதே என் கட்சி. சித்தப்பாவுக்குச் செய்த சோதனையை அந்தப் பிள்ளைகளுக்கும் செய்யட்டும்.